வேலூர் வெயிலும் வயசான ஒயிட் ஒயினும்: அந்த இரண்டு பாட்டில் எதுவாக இருக்கட்டும்?

மெல்பர்னில் இருக்கும் மச்சான் டிசம்பரில் ஊருக்கு வருகிறார், அல்லது தோல் ஏற்றுமதியில் இருக்கும் நண்பர் மிலான் கண்காட்சிக்குப் போகிறார், கிளம்பும் முன் "வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்கிறார். காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இந்தக் கேள்வி வராத வீடு குறைவு, பதில் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஸ்காட்ச் பெயராகத்தான் இருக்கும். வரியில்லாமல் கொண்டு வர முடிவது பெரும்பாலும் இரண்டு பாட்டில்தான், ஒயின் பிடித்தவராக இருந்தால் இந்தத் தடவை பதிலை மாற்றிப் பாருங்கள். ஒயினரியே தன் நிலவறையில் வருஷக்கணக்கில் வைத்திருந்து, முதிர்ந்த பிறகு மட்டும் விற்பனைக்கு விடுகிற ஒயிட் ஒயின்கள் இருக்கின்றன. வேலூரில் உட்கார்ந்துகொண்டு வயசான ஒயிட் ஒயின் குடிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பெரும்பாலான ஒயிட் ஒயின் அறுவடை முடிந்த ஒரு வருஷத்துக்குள் கடைக்கு வந்துவிடும், எலுமிச்சை, பச்சை ஆப்பிள், கொஞ்சம் பூ வாசம், அவ்வளவுதான், அதைச் சீக்கிரம் குடித்துவிடுவதுதான் சரி. நாசிக்கில் செய்கிற ஒயிட் ஒயின்களும் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஆனால் புளிப்பு நன்றாக இருக்கிற சில திராட்சைகளின் ஒயின் வருஷம் ஆக ஆக வேறு ஆளாக மாறிவிடும். சிவப்பு ஒயினுக்கு வயசானால் நிறம் வெளுக்கும், வெள்ளைக்கு ஏறும், வெளிர் மஞ்சள் பொன்னிறமாகும், சிலது தேன் நிறத்துக்கே போய்விடும். பழ வாசம் பின்னால் போய், வறுத்த ரொட்டி, தேன், தேன்மெழுகு, முந்திரி, காய்ந்த பழம் என்று முன்னால் வரும். அடியில் அந்தப் புளிப்பு மட்டும் அப்படியே நிற்கும். இந்த மாற்றத்துக்குக் காத்திருக்கிற வேலை வழக்கமாக வாங்குகிறவர் தலையில்தான் விழும். மிகச் சில ஒயினரிகள்தான் தங்கள் பணத்தை முடக்கிப் போட்டு, இடத்தை ஒதுக்கி, தாங்களே காத்திருக்கிறார்கள்.

சரி, இளசாக மலிவாக வாங்கி வீட்டிலேயே பத்து வருஷம் வைத்தால் என்ன? பலரும் முதலில் கேட்பது இதைத்தான். குளிர்நாட்டில் இருப்பவருக்கு நல்ல யோசனை. நமக்கு இல்லை. ஒயினை நெடுநாள் வைக்க 12, 13 டிகிரி வேண்டும், அதுவும் ஏறி இறங்காமல். இங்கே ஏப்ரல், மே மாதங்களில் பகலில் 40-ஐத் தாண்டுகிறது, மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை ராத்திரியிலும் ஆறுவதில்லை. அந்தச் சூட்டில் ஒயின் முதிராது, வெந்துபோகும். பாட்டிலுக்குள் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும், ஆறும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும், இரண்டு கோடை இப்படிப் போனால் மிச்சம் இருப்பது பழுப்பு நிறத் தண்ணீர்தான். ஏலகிரியில் வீடு இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில் நமக்குச் சுகமாக இருக்கும், ஒயினுக்கு அதுவும் போதாது.

ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கலாமே என்றால், வாங்கும்போது ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கிற சின்னப் பெட்டிகளில் நிறையவற்றுக்கு கம்ப்ரஸர் கிடையாது, பெல்டியர் என்கிற மின்தகடு வைத்துக் குளிர்விக்கிறவை. அவற்றால் அறைச் சூட்டிலிருந்து சுமார் 15 டிகிரி குறைக்க முடிந்தாலே பெரிய விஷயம், அதாவது அறை 40 என்றால் உள்ளே 25. பெட்டியில் ஒட்டியிருக்கிற 12 டிகிரி என்ற எண் ஏசி அறைக்குத்தான் பொருந்தும். கம்ப்ரஸர் உள்ளது வேலை செய்யும், ஆனால் பத்து வருஷம் நிற்காமல் ஓட வேண்டும், கோடையில் கரண்ட் போகிற ஒவ்வொரு மதியமும் தாண்ட வேண்டும். பத்து வருஷக் கரண்ட் பில்லையும் பெட்டி விலையையும் கூட்டிப் பார்த்தால், ஒயினரியே முதிரவைத்துக் கொடுக்கிற பாட்டிலுக்குக் கேட்கிற கூடுதல் விலை பெரிதாகத் தெரியாது.

ஏலத்தில் பழைய பாட்டில் வாங்குவது இன்னொரு வழி. விலை சில சமயம் குறைவாகக்கூட இருக்கும், ஆனால் அது எத்தனை கை மாறியது, எந்தக் கோடையில் எந்த அறையில் கிடந்தது என்பதற்கு உறுதி கிடையாது. அதுவும் ஒயிட் ஒயினுக்கு இந்த ஆபத்து கூடுதல். 1990களின் நடுவில் பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் செய்த ஒயிட் ஒயின்கள் பல, நல்ல பெயரும் நல்ல விலையும் உள்ளவையே, எதிர்பார்த்ததற்கு மிக முன்னதாகவே பழுத்துக் கெட்டுப்போய் உலகம் முழுக்கப் பெரிய பேச்சானது. ஒரே பெட்டியில் ஒரு பாட்டில் அருமை, பக்கத்து பாட்டில் குப்பை என்று இருந்தது. அந்த அதிர்ஷ்டச் சீட்டை வேலூரிலிருந்து எடுக்க வேண்டாம்.

ஆக, முதிரவைக்கிற வேலை ஒயினரியின் நிலவறையிலேயே முடிந்திருக்க வேண்டும், நாம் செய்ய வேண்டியது அதைப் பத்திரமாகக் கொண்டு வந்து சீக்கிரம் குடிப்பது. இதை ஏற்றுக்கொண்டால் எதை வாங்குவது என்பதற்கு மூன்று விஷயம் பார்த்தால் போதும்: மூடி என்ன, ஒயின் எதில் முதிர்ந்தது, நம் வீட்டுச் சாப்பாட்டோடு உட்காருமா.

ஆஸ்திரேலியாவிலிருந்து ஆள் வருகிறார் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது ஹண்டர் பள்ளத்தாக்கு செமியோன், செமியோன் என்பது ஒரு வெள்ளைத் திராட்சை. சிட்னிக்கு வடக்கே, ஈரமும் சூடும் உள்ள இடம், திராட்சைக்குத் தோதான ஊர் என்று யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். அங்கே செமியோனைச் சர்க்கரை ஏறும் முன்பே பறித்துவிடுகிறார்கள், அதனால் ஆல்கஹால் 11 சதவீதத்தை ஒட்டியே நிற்கும், புளிப்பு கூர்மையாக இருக்கும். ஓக் பீப்பாய் கிடையாது. இளசாகக் குடித்தால் எலுமிச்சைத் தண்ணீர், இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். அதே ஒயின் பாட்டிலுக்குள் ஐந்தாறு வருஷம் கிடந்தால் வறுத்த ரொட்டி வாசமும் தேனும் வந்து, பீப்பாயில் வைத்ததோ என்று பழகியவர்களையே ஏமாற்றும். டிரெல்ஸ் ஒயினரியின் வாட் 1 தான் இதில் பெரிய பெயர், 1963இல் முதலில் செய்தது, ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்துதான் வெளியே விடுகிறார்கள். மவுண்ட் பிளசன்ட்டின் லவ்டேல் அதற்குச் சமமாக நிற்கும், அந்த ஒயினரியில் ஒயின் செய்த மாரிஸ் ஓஷே 1946இல் நட்ட தோட்டம் அது.

இதை ஊற்றி உடனே முடித்துவிடாதீர்கள். கிளாஸில் விழும்போது விளிம்பில் இன்னும் ஒரு பச்சைச் சாயல் தெரியும், முதல் வாசம் எலுமிச்சைத் தோல், கொஞ்சம் ஈரக்கல். கால் மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி முகர்ந்தால் தணலில் வாட்டிய ரொட்டியின் ஓரம், தேன்மெழுகு. அரை மணி ஆனதும் இரண்டும் சேர்ந்துவிடும், நாக்கில் மட்டும் எண்ணெய் தடவியது போல ஒரு வழவழப்பு, விழுங்கியதும் புளிப்பு வந்து வாயைக் கழுவிவிடும். ஏரியில் பிடித்த விராலை மிளகாயும் மிளகும் போட்டு வறுத்து இதோடு சாப்பிட்டால் அந்தக் கழுவிவிடுகிற குணத்தின் அருமை தெரியும். ஆல்கஹால் கூடினால் மிளகாய்க் காரம் வாயில் இன்னும் எரியும், இது 11 தான் என்பதால் எரியாது. ஆம்பூர் பிரியாணிக்கும் இதே காரணத்துக்காக இதைத்தான் முதலில் சொல்வேன். சீரகச் சம்பா, மட்டன், தயிர்ப் பச்சடி, எதோடும் சண்டை போடாது. எல்லாவற்றுக்கும் மேல், இப்போது வருகிற பாட்டில்கள் திருகு மூடி, கார்க் காய்கிற பயமோ கார்க் நாற்றமோ இல்லை, பயணத்தைத் தாங்கும்.

பணம் கொஞ்சம் இடித்தால், தெற்கு ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில் பியூசி வேல் ஒயினரி செய்கிற ரைஸ்லிங்கில் (இதுவும் ஒரு வெள்ளைத் திராட்சை) 'தி கான்டூர்ஸ்' என்று ஒன்று உண்டு. 1847இல் ஜோசப் கில்பர்ட் முதலில் திராட்சை நட்ட இடம், இடையில் கைவிடப்பட்டு 1960களில் மறுபடி நட்டார்கள், இந்தக் குறிப்பிட்ட பகுதி 1965இல் நட்டது. ஐந்து வருஷம் பாட்டிலில் வைத்துத்தான் விற்கிறார்கள், விலை வாட் 1 விலையில் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கும். திருகு மூடியை 1970களிலேயே போட்டுப் பார்த்தவர்கள் இவர்கள். வயசான ரைஸ்லிங்கில் ஒரு மண்ணெண்ணெய் வாசம் வரும், வெயில் அதிகம் பட்ட திராட்சையில் கூடுதலாக உண்டாகிற டிடிஎன் என்ற சேர்மம்தான் காரணம். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஏனென்றால் ரேஷன் கடை மண்ணெண்ணெய் ஞாபகம் உள்ளவர்கள் கெட்டுப்போச்சு என்று சிங்கில் ஊற்றிவிடுவார்கள். எனக்கு அது கொஞ்சமாக, எலுமிச்சை ஊறுகாய் மாதிரி ஒரு உப்புப் புளிப்போடு வரும்போது ரொம்பப் பிடிக்கும். பிடிக்காதவர்களும் நிறைய, அதனால் முதல் தடவை குடிக்கிறவருக்கு செமியோன்தான் பாதுகாப்பு. விக்டோரியாவில் டாபில்க் ஒயினரி 1927இல் நட்ட கொடிகளிலிருந்து செய்கிற மார்சான் என்ற திராட்சை ஒயின் இன்னொன்று, அதையும் வருஷக்கணக்கில் வைத்திருந்துதான் விடுகிறார்கள். கிடைத்தால் விட வேண்டாம்.

இடையில் ஒரு செய்தி. இந்தியா–ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி விலை உயர்ந்த ஆஸ்திரேலிய ஒயினுக்கு 150 சதவீதமாக இருந்த சுங்கவரி முதலிலேயே 75 ஆகி, பத்து வருஷத்தில் 25 வரை இறங்குகிறது. மாநில வரி தனி. பெங்களூர் கடைகளில் இதன் பலன் தெரியலாம், ஆனால் அங்கே வாங்கி காரில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி வழியாக வரலாம் என்று எண்ண வேண்டாம், வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டு வருவது சட்டச் சிக்கல். விமானத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரியில்லாமல் 2 லிட்டர் வரை கொண்டு வரலாம், நம் கணக்கு அதை வைத்துத்தான்.

ஐரோப்பாவிலிருந்து வருகிறார் என்றால் முடிவு இவ்வளவு சுலபம் இல்லை. ஸ்பெயினில் ரியோஹா வட்டாரத்து ஆரோ ஊரில் லோபெஸ் தெ எரேதியா என்கிற குடும்பம் 1877 முதல் ஒயின் செய்கிறது. அவர்களுடைய வினா டொண்டோனியா ஒயிட் ரிசர்வா, முதன்மையாக வியூரா திராட்சை, சுமார் ஆறு வருஷம் பீப்பாயில், அப்புறம் பாட்டிலில், கடைக்கு வரும்போது பத்து வயசுக்கு மேல் ஆகியிருக்கும். பீப்பாய்களைக்கூடத் தங்கள் பட்டறையிலேயே செய்துகொள்கிறார்கள். நல்ல வருஷங்களில் மட்டும் செய்கிற கிரான் ரிசர்வாவுக்கு இருபது வருஷம்கூட ஆகும். ரியோஹாவிலேயே மார்கேஸ் தெ முரியேட்டா 1986இல் அறுவடை செய்த ஒயிட் ஒயின் ஒன்றை 21 வருஷம் பீப்பாயில் வைத்து, அப்புறம் சிமெண்ட் தொட்டியிலும் சில வருஷம் வைத்துத்தான் வெளியே விட்டது, அதன் விலை நமக்கு வேண்டாம்.

டொண்டோனியா செமியோனுக்கு நேர் எதிர். அது பாட்டிலுக்குள் காற்றுப் படாமல் முதிர்ந்தது, இது மரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைக் குடித்து முதிர்ந்தது. அதனால் வறுத்த கொட்டை, காய்ந்த ஆரஞ்சுத் தோல், மெழுகு, லேசாக உப்பு. நம் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயில் வேர்க்கடலையும் எள்ளும் அரைத்து ஊற்றி எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து, அதோடு இதைக் குடித்துப் பாருங்கள், அந்தக் கடலை வாசத்தை ஒயின் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் கொண்டு போகும். புவிசார் குறியீடு வாங்கிய கத்திரிக்காய்க்கு இது தகுந்த மரியாதை என்றே நினைக்கிறேன். குறைகளும் சொல்ல வேண்டும். கார்க் பாட்டில், பயணத்தில் கவனம் தேவை. விலை கடந்த சில வருஷங்களாக ஏறிக்கொண்டே போகிறது, ஐரோப்பாவிலேயே தேடித்தான் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அதே வீட்டின் கிராவோனியாவைக் கேளுங்கள், நாலு வருஷம் பீப்பாயில் இருந்தது, விலையும் குறைவு, பாதிக்கு மேல் அதே சுகம்.

மிலான் போகிறவரிடம் டெர்லான் கேட்கலாம். இத்தாலியின் வட கோடியில், போல்சானோ பக்கத்தில், 1893இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவு. அவர்களுடைய 'ராரிட்டி' வரிசை ஒயின்கள் மெல்லிய ஈஸ்ட் வண்டலோடு ஸ்டீல் தொட்டியில் குறைந்தது பத்து வருஷம் கிடக்கும், அப்புறம்தான் பாட்டிலுக்கே போகும். ஈஸ்ட் காற்றைத் தடுத்துவிடுவதால் வயசுக்குப் பொருந்தாத புத்துணர்ச்சி. ஆனால் சில ஆயிரம் பாட்டில்தான் செய்கிறார்கள், விலையும் அதற்குத் தக்கபடி. அந்தப் பணத்துக்கு நான் வேறு இரண்டு பாட்டில் வாங்குவேன். பிரான்சின் அல்சாஸ் வட்டாரத்து டிரிம்பாக் ஒயினரி, கிளோ செயின்ட் யூன் ரைஸ்லிங்கை ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்து விடுகிறது, விலையில் அதுவும் இதே கணக்குதான், அதன் தம்பியான ஃபிரெடெரிக் எமீல் நியாயமான விலை. பிரான்சின் லுவார் பக்கத்து மூலான் டூஷே இனிப்பானது, பத்து வருஷம் ஆகாமல் வெளியே வராது, ஆற்காடு மக்கன் பேடாவுக்கு முன்னால் நிற்கிற தைரியம் இந்தப் பட்டியலில் இதற்கு மட்டும்தான் உண்டு.

இவற்றில் யாரும் அதிகம் பேசாதது, ஆனால் நம் ஊருக்கென்றே செய்தது என்று நான் நம்புவது, பிரான்சின் ஜூரா வட்டாரத்து வேன் ஜோன். சாவன்யென் திராட்சை. பீப்பாயை நிரப்பிவிட்டு, ஆவியாகிக் குறையக் குறைய மேலே ஊற்றாமல் விட்டுவிடுவார்கள், குறைந்த இடத்தில் பால் மேல் ஆடை படிகிற மாதிரி ஈஸ்ட் படலம் படரும். இங்கே காத்திருப்பது சட்டமே, அறுவடைக்குப் பின் ஆறாவது வருஷம் டிசம்பர் 15க்கு முன் பாட்டிலில் அடைக்கக் கூடாது. கிளாஸை மூக்கருகே கொண்டு போனதும் வருவது வால்நட், கறிப்பொடி, அப்புறம் தெள்ளத் தெளிவாக வெந்தயம். கற்பனை இல்லை, வெந்தயத்துக்கு வாசம் தருகிற சோட்டலோன் என்ற அதே சேர்மம்தான் இந்த ஒயினிலும் இருக்கிறது. வெந்தயம் தாளித்த வத்தக் குழம்புக்கு ஒயின் கிடையாது என்று சொல்கிறவர்கள் இதைக் குடித்ததில்லை. ஆல்கஹால் 14, 15 வரை போகும், அதனால் காரத்தைக் கொஞ்சம் குறைத்து, சுண்டைக்காய் வற்றலைக் கூட்டிச் செய்யுங்கள்.

இதில் நடைமுறை லாபமும் இருக்கிறது. ஏற்கெனவே காற்றைப் பார்த்துவிட்ட ஒயின் என்பதால் திறந்த பிறகும் ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் நிற்கும், வீட்டில் ஒருவர்தான் குடிக்கிறவர் என்றால் இது பெரிய விஷயம். செமியோனைத் திறந்தால் இரண்டு, மூன்று நாளில் முடித்தாக வேண்டும். இன்னொன்று, வேன் ஜோன் வருவது கிளாவ்லேன் என்கிற 62 செண்டிலிட்டர் பாட்டிலில். மூன்று பாட்டில் சேர்த்தால் 1.86 லிட்டர், 2 லிட்டர் வரம்புக்குள் அடங்கும், மற்ற ஒயினில் இரண்டுதான் முடியும். எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். இனிப்பும் பழமும் எதிர்பார்க்கிற விருந்தாளிக்கு ஊற்றவே வேண்டாம்.

அதனால் என்னைக் கேட்டால், மெல்பர்ன் மச்சானிடம் வாட் 1 ஒன்று, கான்டூர்ஸ் ஒன்று. ஐரோப்பா போகிறவர் பாரிஸ் பக்கம் போனால் வேன் ஜோன், ஸ்பெயின் போனால் டொண்டோனியா. நீங்கள் இதுவரை வயசான ஒயிட் ஒயினே குடித்ததில்லை என்றால் ஐரோப்பாவை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து யாராவது வரும்வரை காத்திருங்கள்.

எப்போது வருகிறார் என்பதும் முக்கியம். மார்கழி, தை மாதங்களில் வந்தால் நல்லது, வேலூரில் அப்போது ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே போகும். மாசி முடிவதற்குள் குடித்துவிடுங்கள். அதுவரை சாதா ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் படுக்க வைக்கலாம், சில வாரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடிக்காதீர்கள், அந்தக் குளிரில் வயசான ஒயின் வாயே திறக்காது, 12 டிகிரி வரட்டும். ஜனவரியில் அரை மணி நேரம் வெளியே வைத்தால் போதும், மே மாதம் என்றால் பத்து நிமிஷம்கூட அதிகம், கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு பாட்டிலை உள்ளே வையுங்கள். அடியில் கண்ணாடித் துகள் மாதிரி ஏதாவது மின்னினால் பயப்பட வேண்டாம், திராட்சைப் புளிப்பு உறைந்த படிகம்தான் அது.

கடைசியாக ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரைக்குமான வழி. சென்னையிலிருந்து வேலூர் 140 கிலோமீட்டர்தான், ஆனால் பத்து வருஷம் 12 டிகிரியில் தூங்கிய ஒயினை டிக்கியில் போட்டு மத்தியான வெயிலில் கொண்டு வந்தால் அந்தப் பத்து வருஷமும் போச்சு. பெட்டியைப் பின் சீட்டில் வையுங்கள், ஏசி ஓடட்டும், வழியில் டிபனுக்கு நிறுத்தினால் ஒருவர் வண்டியிலேயே இருந்து அடுத்த ஆள் வந்ததும் போய்ச் சாப்பிடட்டும்.